ஆறு மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் 'டயட்டீஷியன்' என்று போட்டுக்கொள்ளலாமா?

அடுப்பங்கரை:
பி.காம். முடித்த உறவுக்காரப் பெண், ஆறு மாத ஆன்லைன் நியூட்ரிஷன் கோர்ஸில் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறாள். இன்ஸ்டா பயோவில் 'சர்டிஃபைட் டயட்டீஷியன்' என்று போட்டு டயட் சார்ட் விற்கப் போகிறாளாம். டயட்டீஷியன்தான் சிக்கல், நியூட்ரிஷனிஸ்ட் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். நிஜமா? லண்டனிலிருந்தும் சிலர் சார்ட் கேட்கிறார்கள்.

ராகிக்கூழ்:
முன்னே அப்படித்தான் இருந்தது, யாரும் கேட்டதில்லை. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டுமே ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷனிஸ்ட்டும் அதில் சேர்த்தி. அதனால் பெயரை மாற்றிப் போட்டுத் தப்பிக்கிற வழி இங்கே இல்லை.

மணிக்கணக்கைப் பாருங்கள். 'ஹெல்த்கேர் புரொஃபஷனல்' என்றால் 3 முதல் 6 வருடத்தில் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு. அதற்குக் கீழே உள்ள 'அலைடு' (துணைப் பணியாளர்) வகைக்கே 2,000 மணி நேரம் வேண்டும். ஆறு மாத கோர்ஸை வாரம் 10 மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும் 260-தான் வருகிறது.

இந்தச் சட்டப்படியான பதிவேட்டில் பெயர் இல்லாமலே இருப்பதுபோலக் காட்டிக்கொண்டால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சர்டிஃபைட்' என்ற சொல் அந்தப் பெண்ணுக்கு உதவாது. சர்டிபிகேட் என்பது கோர்ஸ் நடத்துகிறவர் கொடுப்பது, பதிவு என்பது இந்தச் சட்டப்படி அமைந்த கவுன்சில் கொடுப்பது.

கொள்ளுரசம்:
பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) போடுகிறவர்களையும் பார்க்கலாம். அது இந்திய டயட்டெட்டிக் அசோசியேஷன் நடத்தும் பரீட்சையில் தேறியவர்களுக்கு. உணவியல் படிப்பும் ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப்பும் இருந்தால்தான் எழுதவே விடுவார்கள். மதிப்புள்ளதுதான், ஆனால் அது சங்கம் தரும் தகுதி, அரசுப் பதிவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுப்பங்கரை:
சரி, வீட்டிலிருந்தபடியே தபால் வழியில் டிகிரி படித்தால்?

ராகிக்கூழ்:
அந்தக் கதவும் மூடியாச்சு. இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. கிளினிக்கல் நியூட்ரிஷன், டயட்டெட்டிக்ஸ் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. இனிமேல் சேர்வதென்றால் ரெகுலர் கல்லூரிதான்.

முருங்கைக்கீரை:
லண்டன் கணக்கு வேறு. அங்கே 'டயட்டீஷியன்' சட்டம் காக்கும் பட்டம், ஆங்கிலத்தில் அதை எழுதும் இரண்டு ஸ்பெல்லிங்கும் சேர்த்து. எச்.சி.பி.சி. என்கிற அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு இல்லாமல் ஏமாற்றும் நோக்கில் போட்டால் குற்றம். பதிவு எண் டி.டி. என்று தொடங்கும், அவர்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இந்தியப் பட்டத்தோடு விண்ணப்பிப்பவர் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வழியில் போனால் மொத்தம் 7.0 வேண்டும், எந்தப் பிரிவும் 6.5-க்குக் கீழே போகக் கூடாது.

'நியூட்ரிஷனிஸ்ட்' அங்கே காவல் இல்லாத சொல், யாரும் போடலாம். 'ரெஜிஸ்டர்டு நியூட்ரிஷனிஸ்ட்' என்று போடுகிறவர் அசோசியேஷன் ஃபார் நியூட்ரிஷனின் தன்னார்வப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு யாரோ சொன்னது லண்டனுக்குப் பொருந்தும் பேச்சு, அதை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

கொள்ளுரசம்:
அந்தப் பெண் சமையல் குறிப்பு போடட்டும், சிறுதானியம் பற்றிப் பேசட்டும், தடையில்லை. நோயாளிக்குச் சார்ட் போடுவதில்தான் ஆபத்து. பி.பி. இருக்கிறது என்று லோ சோடியம் உப்புக்கு மாறச் சொல்வார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். கிட்னி பழுதானவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும், கூடவே பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினம் குடி என்று எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுக்கிறவரை 16 மணி நேரம் பட்டினி போடுவது. மருந்தின் அளவை டாக்டர் குறைக்காமல் இதைச் செய்தால் சுகர் இறங்கி மயங்கி விழுவார்கள். அவளுடைய கோர்ஸ் சிலபஸில் ஆஸ்பத்திரி வார்டு பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டுப் பாருங்கள்.