உறைந்த கதை, உறையாத கதை: கடல்பாசியோடு எங்கள் அனுபவங்கள்

காவிரிக்கரை (திருச்சி)

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் என்னிடம், "எட்டுக் கிலோ குறையுங்கள்" என்றார். என் மனைவியிடம், "இனிப்பை நிறுத்துங்கள்" என்றார். சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஓர் இனிப்பு நாக்கில் பட்டால்தான் சாப்பிட்ட நிறைவே வரும் என்று நாற்பது வருடமாகப் பழகியவன் நான். அதைச் சொன்னதும் வீட்டில் உத்தரவு வந்தது: "வேண்டுமென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள். நெய் டப்பா பக்கம் மட்டும் போகக் கூடாது."

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. சுடாமல் செய்யும் கேக் ஒன்றை முதலில் பார்த்தேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுச் செய்வது, ஆகவே இலேசானதுதான் என்று நினைத்தேன். அடியில் பிஸ்கட் தூள், அது உதிராமல் இருக்க உருக்கிய வெண்ணெய், தயிரின் புளிப்பை மறைக்க ஒரு கிண்ணம் சர்க்கரை என்று செய்முறை போய்க்கொண்டே இருந்தது. இதற்குப் பேசாமல் இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டுவிடலாம்.

பிறகுதான் இளநீர்க் கடல்பாசி. கடல்பாசி என்பது கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது, தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டால் ஜெல்லி போல உறையும். பத்து கிராம் பாக்கெட் ஒன்றும் இரண்டு இளநீரும் வாங்கினேன். பாசியைக் கத்தரிக்கோலால் நறுக்கி நேராக இளநீரில் போட்டேன். கொதித்தால் இளநீரின் சத்துப் போய்விடும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, கை பொறுக்கும் சூட்டில் கொஞ்ச நேரம் கிளறி, டம்ளர்களில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இளநீர் இளநீராகவே இருந்தது, நடுவில் வைக்கோல் துண்டுகள் மிதந்தன. "இதில் மீன் எப்போது வாங்கி விடப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் மனைவி.

செய்து பார்த்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். உறைந்த கதை, உறையாத கதை எதுவானாலும் சரி.


கீழக்கரை மருமகள்

அண்ணன், சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி இல்லாத நாள் குறைவு. பள்ளிவாசல் கஞ்சி, வடை, சமோசா எல்லாம் வயிற்றில் இறங்கிய பிறகு குளுகுளுவென்று உள்ளே போவது அதுதான்.

ஆனால் எனக்கும் ஓர் உறையாத கதை உண்டு. திருமணமான முதல் நோன்பில், "கடல்பாசியை நீ காய்ச்சு" என்று மாமி என்னிடம் விட்டார். பாசியை நன்றாகத்தான் கரைத்தேன். அதில் பெட்டியிலிருந்து எடுத்த பாலைச் சில்லென்று அப்படியே ஊற்றினேன். கண் முன்னாலேயே குட்டிக் குட்டிக் கட்டிகளாகத் திரிந்து, ஜவ்வரிசிக் கஞ்சி போல ஆகிவிட்டது. நோன்பு துறக்க இருபது நிமிடம்தான் இருந்தது. மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டியை என் கையிலிருந்து வாங்கி, ரோஸ் எசன்ஸ் ஊற்றி, மத்தால் ஒரு அடி அடித்து, கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி ஆண்கள் பக்கம் அனுப்பிவிட்டார். "இது என்ன புதுசு, நன்றாக இருக்கிறதே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இன்றுவரை அது என் பெயரில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்த தவறு ஒன்றுதான், பாசியைக் கரைய விடவில்லை. பத்து கிராம் பாசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, 300 மில்லி புதுத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தைப் பாருங்கள், ஒரு இழைகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். சர்க்கரையை அதற்குப் பிறகுதான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் கரைய அடம் பிடிக்கும். வடிகட்டி, இன்னொரு 500 மில்லி பாலோ இளநீரோ சேர்க்கலாம். அது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இது முக்கியம். இளநீரைக் கொதிக்க வைக்கவே வேண்டாம். உங்கள் சத்து எங்கும் போகாது.


பெட்ரித் தட்டு (கோயம்புத்தூர்)

நான் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை செய்பவள். பகல் முழுவதும் கடல்பாசி காய்ச்சி வட்டத் தட்டுகளில் ஊற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே ஒரு லிட்டருக்கு 15 கிராம், அதுவும் சுத்திகரித்த பொடி. அதன் மேல் கிருமிகளை வளர்ப்போம். அதனால் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் வரை எந்த விருந்தில் கடல்பாசியைக் கண்டாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கை போய்விடும். நாத்தனார் வளைகாப்பில் ரோஸ் நிறக் கடல்பாசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் என்ன வளர்கிறது?" என்று வாய் தவறிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அது ஆய்வகத்துக்குப் போனதே சமையலறையிலிருந்துதான். ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் மேல் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். சூடு கொஞ்சம் ஏறினால் அது உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் தாம் செய்யும் ஜெல்லி கோடையிலும் உருகுவதில்லை, கடல்பாசி போட்டுப் பாருங்கள் என்று 1881-இல் யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்தவர்களிடமிருந்து அவர் கற்றது அது.

காவிரிக்கரை ஐயா, உங்கள் டம்ளரில் நடந்ததும் இதே விஷயம்தான். கடல்பாசி கரைய ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் அது அசையாது. ஆனால் ஒருமுறை கரைந்துவிட்டால் 35, 40 டிகிரிக்கு இறங்கியதும் உறைந்துவிடும். திரும்ப உருக வேண்டுமென்றால் மறுபடியும் 85-க்குப் போக வேண்டும். அதனால்தான் சித்திரை வெயிலிலும் மேசை மேல் நிற்கிறது. ஜெலட்டின் நம் ஊர் மதிய வெயிலில் பாயசமாகிவிடும், போதாததற்கு அது மாட்டுத் தோலிலும் எலும்பிலும் பன்றித் தோலிலும் எடுப்பது.

கலோரிக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், தொழில் புத்தி. பத்து கிராம் பாசிக்கு ஏறக்குறைய 30 கலோரி, அதிலும் பெரும்பகுதி நமக்குச் செரிக்காத நார். இளநீர் 100 மில்லிக்குச் சுமார் 20, ஆக 600 மில்லிக்கு 120. சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி 100. மொத்தம் 250, எட்டுக் கிண்ணமாகப் பிரித்தால் தலைக்கு முப்பது சொச்சம். அதையே அரை டின் கன்டென்ஸ்டு மில்க்கும் அரை லிட்டர் ஃபுல் கிரீம் பாலும் ஊற்றிச் செய்தால் ஒரு கிண்ணம் 140-ஐத் தொடும். முந்திரி இன்னும் போடவில்லை. பால்தான் வேண்டுமென்றால் டபுள் டோன்டு பால் வாங்குங்கள், ஃபுல் கிரீமில் கொழுப்பு 6 சதவீதம், இதில் 1.5.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் கலோரி குறைந்துவிடும் என்று யாரும் எழுத வராதீர்கள். குறையாது. நிறம்தான் மாறும்.


இனிப்புப் பிரியன் (விருதுநகர்)

நான் கடல்பாசி என்று கேட்டதற்குக் கடைக்காரர் பாதாம் பிசினைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு கைப்பிடியை ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் பாத்திரத்தை நிறைத்து மேடை வரை வந்திருந்தது. அதைக் கொதிக்க வைத்து உறையும் உறையும் என்று இரண்டு நாள் காத்திருந்த மகானுபாவன் நான். பிசின் மரத்தில் வடிவது, அது ஊறுமே தவிர உறையாது. கடைசியில் நன்னாரி சர்பத்தில் போட்டு ஒரு வாரம் குடித்தோம்.

முப்பது கலோரியில் இருப்பதற்கு இனிப்பு என்று பெயர் வைப்பதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.


மண்டபம் பையன்

எல்லோரும் அடுப்பில் ஏற்றிய பிறகு நடந்ததைச் சொல்கிறீர்கள். நான் அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்கிறேன்.

என் அம்மாச்சி பாசி எடுத்தவர். எங்கள் பக்கத்துக் கரையோர ஊர்களில் அது பெண்கள் வேலை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் வெள்ளையாக இருப்பது கடலில் வெள்ளையாக இருக்காது. பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில் கல்லில் ஒட்டியிருக்கும். எங்கள் ஊரில் அதற்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர். கஞ்சிப் பாசி என்று இன்னொன்று, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று வேறு சில. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் இனிப்புக்கு ஆகா. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்ற பேச்சு எங்கள் வீடுகளில் ஓய்ந்ததே இல்லை. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அன்று அம்மாச்சி தனக்கே கிடைத்தது போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சமைத்ததே இல்லை. காய்ந்ததும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். சென்னையில் ஒரு வரவேற்பு விருந்தில்தான் முதன்முதலாகச் சாப்பிட்டேன், சிறு கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே ஒரு மாதுளை முத்தோடு. "இது மரிக்கொழுந்து" என்று பக்கத்தில் இருந்த நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். "மரிக்கொழுந்தைப் பூக்காரியிடம் அல்லவா வாங்குவார்கள்?" என்றான். மேசை முழுவதும் சிரித்தது. விளக்கிச் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு பாக்கெட் வாங்கிப் போய் அம்மாச்சிக்காகக் காய்ச்சினேன். இளநீர்தான், சர்க்கரை ஒரு கரண்டி. கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் வைத்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கடல் வாசனையே இல்லை, நன்றாகத்தான் கழுவிக் காயப்போட்டிருக்கிறார்கள்" என்றார். பிறகு, இந்தப் பாக்கெட் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பத்து கிராமுக்கா என்று மறுபடியும் கேட்டார்.


கிள்ளான் அக்கா (மலேசியா)

மண்டபம் தம்பி, உங்கள் அம்மாச்சியைப் படித்த பிறகு என் கதை ரொம்பச் சாதாரணம். இருந்தாலும் எழுதுகிறேன்.

இங்கே அகர் அகர் என்போம். தீபாவளிக்கு விருந்தினருக்காக வீட்டைத் திறந்துவைத்தால் முறுக்கோடும் அச்சுமுறுக்கோடும் அதுவும் தட்டில் இருக்கும். தேங்காய்ப்பால் ஓர் அடுக்கு, வாசனைக்குப் போடும் பாண்டான் இலைச் சாறு ஓர் அடுக்கு. அடுக்குக்கு ஒரு நேரம் உண்டு. கீழடுக்கு முழுவதும் இறுகிய பிறகு மேலே ஊற்றினால், வெட்டும்போது இரண்டும் கோபித்துக்கொண்டு தனித்தனியாகப் போகும். விரலால் தொட்டால் இலேசாக ஒட்ட வேண்டும், அப்போது ஊற்றுங்கள். தவறவிட்டால் முள்கரண்டியால் மேலே கீறிவிட்டு ஊற்றலாம்.

நான் கெட்டித் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலுக்கு மாறி நான்கு வருடம் ஆகிறது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் வித்தியாசம் தெரியவில்லை. கண்டுபிடித்தவர் என் மாமியார் ஒருவர்தான்.

நான் கெடுத்தது எலுமிச்சையில். புளிப்பாக இருக்கட்டும் என்று சாற்றைப் பாசியோடு சேர்த்தே கொதிக்க வைத்தேன். கெட்டியான சூப் மாதிரி நின்றது, அதற்கு மேல் போகவில்லை. சூட்டோடு புளிப்புச் சேர்ந்தால் பாசியின் பிடி விட்டுப்போகும். அடுப்பை அணைத்த பிறகு சாற்றைப் பிழிய வேண்டும். அன்னாசியைப் பற்றியும் பலர் பயமுறுத்துவார்கள். பச்சை அன்னாசி ஜெலட்டினைத்தான் கரைக்கும், ஜெலட்டின் புரதம் என்பதால். கடல்பாசியில் தாராளமாகப் போடலாம்.


காவிரிக்கரை

நேற்று இரண்டாம் முறை. கீழக்கரைத் தங்கை சொன்னபடி ஊறவைத்து, முழுதாகப் பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கொதிக்க வைத்தேன். மூன்று முறை கரண்டியின் முதுகைப் பார்த்தேன். இளநீரைத் தனியாக, இன்னொரு பாத்திரத்துச் சுடுதண்ணீருக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிச் சேர்த்தேன். வழுக்கையை மெல்லியதாக நறுக்கிப் போட்டேன். அக்கா சொன்ன எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி.

தட்டில் ஊற்றிவிட்டுப் பெட்டியைத் திறக்கப் போனேன், மின்சாரம் போய்விட்டது. சரி, இதுவும் மீன் தொட்டிதான் என்று விட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து தட்டைத் தட்டினால் குலுங்குகிறது! வழுக்கைத் துண்டுகள் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டது போல நின்றிருந்தன. இந்த வெயிலில், பெட்டிக்குள் வைக்காமலேயே. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கத்தியை எடுத்து வந்து சாய்சதுரமாக வில்லை போட்டாள். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் தட்டு காலி.

இனிப்புப் பிரியன் தம்பிக்கு: நான் இதை மைசூர்பாகோடு ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் தோற்கும். தயிரைக் கட்டிக் கேக் போலச் செய்யப் போனபோது அது கேக்காகவும் இல்லை, தயிராகவும் இல்லை. இது இளநீராகவே இருக்கிறது, கடித்துச் சாப்பிட முடிகிறது. எனக்குப் போதும்.

பெட்ரித் தட்டு அம்மா, சர்க்கரை நான் இரண்டு மேசைக்கரண்டிதான் போட்டேன். நான் வடிகட்டியைத் தேடப் போனபோது மூன்றாவது ஒன்று விழுந்ததாக இப்போது தெரியவருகிறது. அது என் கணக்கில் வராது.


பெட்ரித் தட்டு

வரும். தலைக்கு ஆறு கலோரி கூட்டிக்கொள்ளுங்கள். தட்டை யார் காலி செய்தார் என்பதையும் எழுதினால் மீதியைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.