சொட்டுநீர் போட்டும் போர்வெல் வற்றுவது ஏன்?

கிணத்துக்கடவு தோப்பு:
வணக்கமுங்க. மரத்தைச் சுத்தி வட்டப்பாத்தி கட்டிப் பாய்ச்சினதைவிட சொட்டுநீரில் தென்னை மரத்துக்குத் தண்ணீர் குறைவாத்தான் செலவாகுது. ஆனா பல ஊர்களில் போர் ஆயிரம் அடியைத் தாண்டிருச்சு. சிக்கனம் எங்கே ஒழுகுதுங்க?

பல்லடம் பாசனம்:
மிச்சமான தண்ணீர் நிலத்துக்குள்ளேயே இருந்தாத்தானுங்க மிச்சம். சோளம் விதைச்ச மானாவாரிக் காட்டுக்கு அதைத் திருப்பி, புதுசாத் தென்னங்கன்னு வெச்சா மோட்டார் ஓடும் நேரம் குறையாது. 1865-ல் இங்கிலாந்தின் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் நிலக்கரியில் இதைத்தான் காட்டினார்: இயந்திரம் குறைந்த கரியில் ஓட ஓட, நாட்டின் மொத்தக் கரிச் செலவு ஏறியது. இங்கே விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமும் இல்லை; கூடுதலா ஓட்டினாலும் கையைச் சுடாது. வட்டப்பாத்தித் தண்ணீரில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்கும். சொட்டுநீரில் அந்தப் பங்கும் குறைவு. டெலிவரி பைப்பில் மீட்டர் மாட்டி, வருஷ மொத்தத்தைப் பாருங்க.

காங்கேயம் மேட்டாங்காடு:
கணக்கே போட்டுருவோம். நம்ம மேற்கு மாவட்டங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: மரத்துக்கு தினம் பிப்ரவரி–மே 65 லிட்டர், ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பர் 55, மற்ற மாதங்களில் 45. மழை நாளைக் கழிக்காமல் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஆக 14 லட்சம்.

600 மி.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் 24 லட்சம் லிட்டர் விழும். நம்ம பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்குதுன்னு வெச்சாலும் 2.4 லட்சம்தான். அது 12 மரத்துக்குக் காணும். மீதி 58 மரமும் வாய்க்கால் தண்ணீரிலோ, அக்கம்பக்கத்து மானாவாரிக் காட்டில் இறங்கின மழையிலோதான் நிக்குது. அந்தக் காடும் தோப்பானா அடுத்த போர் எதை உறிஞ்சும்? பரப்பைக் கூட்டாமல் இருப்பதுதான் முதல் சிக்கனம்.

கிணத்துக்கடவு தோப்பு:
இருக்கிற மரத்துக்கே குறைக்க வழி சொல்லுங்கண்ணா.

பல்லடம் பாசனம்:
மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் சொட்டும் டிரிப்பர் நாலு, தண்டிலிருந்து மூணடி தள்ளி. கோடையில் ரெண்டு மணி நேரம் போதும். பாத்தியில் ஆறடி ஆரத்துக்குத் தேங்காய் மட்டை நூறு, குவிந்த பக்கம் மேலே இருக்க அடுக்குங்க. வெயில் ஈரத்தை உறிஞ்சாது. மழை பெஞ்சதும் வால்வை அடைக்கோணும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கேதான்.

உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைச்சா ஒரு மரம் காயும், உடனே எல்லாத்துக்கும் நேரத்தைக் கூட்டுவாங்க. அதுக்குப் பதிலா ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் (டிரிப்பர் மாட்டின கிளைக் குழாய்) முனையைத் திறந்து விடுங்க. அப்பவும் போகலைன்னா அமிலம் செலுத்தி ஒரு நாள் நிறுத்தி, கழுவி விடோணும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊத்தோணும். தண்ணீரை அமிலத்தில் ஊத்தினாத் தெறிக்கும்.