ஜியென்ஜி என்றால் காஞ்சி: சியாமென் பௌத்தக் கல்லூரியில் ஒரு பிற்பகல்

அலுவல் காரணமாகச் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துக்குச் சென்றிருந்தபோது, சியாமென் நகரில் எனக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. விடுதியில் இருந்தவர்கள் கடற்கரைக்குப் போகச் சொன்னார்கள். நான் சியாமென் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள நன்புதுவோ கோயிலுக்குச் சென்றேன். அங்கு நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்க வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன்.

‘நன்’ என்றால் தெற்கு. ஜெஜியாங் மாகாணத்தின் புதுவோ மலைத்தீவு, கருணையின் வடிவாக பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான அவலோகிதேசுவரருக்கு உரிய புனிதத் தலம். அதற்குத் தெற்கே உள்ளதால் இக்கோயில் தென் புதுவோ எனப் பெயர் பெற்றது. ‘புதுவோ’ என்பதோ, அவலோகிதேசுவரர் உறையும் மலையைக் குறிக்கும் ‘பொதலகம்’ என்ற வடசொல்லின் சீன வடிவம். பொதலகம் தென்னிந்தியாவில் மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாக யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அது நம் பொதிகைதான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இதை நான் பயணத்துக்கு முன்பே படித்திருந்ததால், கோயில் வாசலில் நின்றபோதே ஓர் உரிமை உணர்ச்சி தோன்றியது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வாசலில் தாமரைக் குளம், பின்புறம் ‘ஐந்து முதியோர்’ என அழைக்கப்படும் சிகரங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வழிபடுவோருக்கு மூன்று ஊதுவத்திகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆயிரம் கைகளுடைய குவான்யின் வீற்றிருக்கும் எண்கோண மண்டபத்தில்தான் கூட்டம் அதிகம். குவான்யின் என்பது அவலோகிதேசுவரரின் சீனப் பெயர். மலைச்சரிவில் ஒரு பெரும்பாறையில், 1905ஆம் ஆண்டு செதுக்கப்பட்ட, ஆளுயரத்தை விஞ்சிய ‘புத்தர்’ என்னும் ஒற்றைச் சீன எழுத்து இருக்கிறது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன்.

நான் பார்க்க விரும்பியது கோயிலோடு இணைந்த மின்னான் பௌத்தக் கல்லூரியை. 1925இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு, சீன பௌத்தத்தைச் சீர்திருத்த முனைந்த துறவி தைசூ 1927 முதல் சில ஆண்டுகள் தலைமை ஏற்றிருந்தார். போர்க்காலத்தில் மூடப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பின் 1985இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், வகுப்புகள் நடக்கும் பகுதிக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாமல் உள்ளே நுழைந்த என்னைக் காவலர் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். தவறு என்னுடையதுதான்.

அப்போது அவ்வழியே வந்த, சாம்பல் நிற அங்கி அணிந்த இளம் துறவி ஒருவர், தடுமாறும் ஆங்கிலத்தில் எந்த நாடு என்று கேட்டார். அவர் அங்கு மூன்றாம் ஆண்டு மாணவர். இந்தியா என்றதும் மகிழ்ந்தார். காஞ்சிபுரம் என்றதும் விழித்தார். கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். பெயரைச் சீன எழுத்தில் மாற்றிக் காட்டச் சொல்லி, அதைத் தமக்குள் இரண்டு மூன்று முறை உச்சரித்துப் பார்த்தவர், திடீரென்று “ஜியென்ஜி!” என்றார், தொடர்ந்து “ஹுஃபா! ஹுஃபா!” என்றார். இப்போது விழிப்பது என் முறையாயிற்று.

மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு, மரத்தடிக் கல்லிருக்கையில் அமர்ந்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கியது இதுதான். ஹுஃபா என்றால் அறத்தைக் காப்பவர், அதாவது தர்மபாலர். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை நாமும் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறோம். அந்த ஒரு வரி, இந்த மாணவருக்கு ஓராண்டுப் பாடம். பௌத்தத் தத்துவ அறிஞர் வசுபந்துவின் முப்பது செய்யுள்களுக்குப் பத்து உரையாசிரியர்கள் எழுதிய விளக்கங்களைத் தொகுத்து, தர்மபாலரின் கருத்தையே முதன்மையாகக் கொண்டு யுவான் சுவாங் 659இல் சீனத்தில் ஒரு நூல் செய்தார். விஞ்ஞானவாதம், அதாவது காண்பதெல்லாம் மனத்தின் தோற்றமே என்னும் பௌத்தத் தத்துவம் பயில்வோர் இன்றும் அதை வரி வரியாகப் படிக்கிறார்கள். யுவான் சுவாங்கின் ஆசிரியரான சீலபத்திரர் தர்மபாலரின் மாணவர் என்பதால், இவர்களுக்கு அவர் ஆசிரியரின் ஆசிரியருக்கு ஆசிரியர் போன்றவர். காஞ்சி அமைச்சர் ஒருவரின் மூத்த மகனான தர்மபாலர், அரசன் மகளோடு நிச்சயிக்கப்பட்ட திருமண நாளின் மாலையில் புத்தர் சிலை முன் வேண்டி, ஒரு தெய்வத்தால் தொலைவிலுள்ள மலை விகாரைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார் என்று யுவான் சுவாங் எழுதிய கதையையும், நேற்று நடந்தது போல அந்த மாணவர் சொன்னார். கதையில் காஞ்சி இருந்த நாட்டின் பெயர் என்னவென்று கேட்டேன். “தாலுவோபீதூ” என்றார். திராவிடம்!

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. ஜியென்ஜியில் தர்மபாலருக்கு வழிபாடு நடக்கும் கோயில் எது, அங்கு எப்படிப் போக வேண்டும்? காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த, நின்ற கோலத்துப் புத்தர் சிலை ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதாக மட்டும் சொன்னேன். “அருங்காட்சியகமா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, நாகரிகமாகப் பேச்சை மாற்றினார்.

நான்கு மணியளவில் மணி ஒலித்தது. மாலை வழிபாட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தவர், மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்கலாம் என்றார். மரமீன் எனப்படும் தட்டுக்கருவியின் சீரான ஒலிக்கு இடையில், பல குரல்கள் ஒரே குரலாக ஓதின. புரியாத சீனத்தின் நடுவே ‘ஜியேதி ஜியேதி போலுவோஜியேதி’ என்று கேட்டபோது நிமிர்ந்தேன். ‘கதே கதே பாரகதே’ என்னும் வடமொழி மந்திரம் அது. மந்திரங்களை மொழிபெயர்க்காமல் ஒலியாகவே விட வேண்டும் என்பது யுவான் சுவாங் வகுத்த விதி. சீனத்தில் இல்லாத பொருள்களின் பெயர்களையும் அப்படியே விடச் சொன்ன அவர், அதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு ஜம்பு மரம், அதாவது நம் நாவல்.

ஊர் திரும்பிய மறு வாரம் எழும்பூருக்குச் சென்று, அந்தப் புத்தரைப் படம் எடுத்து, வீசாட் செயலியில் அந்த மாணவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பாடநூலின் ஒரு பக்கம் பதிலாக வந்தது. அதில் ஓரிடத்தில் இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு இடப்பட்டிருந்தது. சீனம் தெரிந்த நண்பரிடம் காட்டினேன். “ஜியென்ஜி” என்று படித்துவிட்டு, “இது எந்த ஊர்?” என்று கேட்டார்.