மந்திரக்கோல் செய்தோம்: புதுப்பிப்பு

விடுமுறையில் எங்கள் வன்னியில் (இலங்கை) மாங்குளத்துப் பிள்ளைகளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பழைய பத்திரிகைத் தாளில் மந்திரக்கோல் செய்யச் சொன்னவர்களுக்கு நன்றி.

தாளை மூலையிலிருந்து சாய்வாக, இறுக்கிச் சுருட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு முனை தடித்தும் மறுமுனை ஒடுங்கியும் வரும். உள்ளே ஓர் ஈர்க்கை வைத்துவிட்டால் வளையாது. நூலைப் பசையில் தோய்த்துப் பிடியில் சுற்றிக் காயவிட்டு, மண்ணிறம் பூசி, நூல் மேடுகளில் மட்டும் விரல் நுனியால் பொன்னிறம் தேய்த்தோம். கடைந்தெடுத்த கருங்காலி போலவே இருக்கிறது!

பசை, கோதுமை மா காய்ச்சியதுதான். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொன்னார் ஒருவர். அது நஞ்சு ஐயா. விரல் சூப்பும் வயதினரிடம் வேண்டவே வேண்டாம். உப்புச் சேர்த்து வெயிலில் நன்றாகக் காயவைத்தோம்.

மரத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்கு வேலியில் வெட்டிய கிளுவைக் கொப்புக் கொடுத்தேன். தடி பொறுக்கக் காட்டுக்குள் போகக்கூடாது. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் வன்னியில் இன்னும் இருக்கிறது. ஒருத்தி அழகான மஞ்சள் அலரிக் கொப்போடு வந்தாள். விதை மட்டுமல்ல, அதன் பாலும் நஞ்சு என்று வாங்கி எறிந்தேன். அன்று முழுக்க அந்த அம்மணி என்னோடு பேசவில்லை.

அடுத்ததாகக் கூம்புத் தொப்பி கேட்கிறார்கள். வெறும் சீமெந்துப் பைக் கடதாசி யாரிடமாவது இருக்கிறதா?