ரிசர்வாயர் ஹில்ஸ்: மேல்வீடு மாணவர் விடுதியாகிவிட்டது. கழிவுநீர், மழைநீர், சத்தம்: எதை முதலில் பிடிப்பது?

கீழ்வீட்டுக்காரர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் சரிவில் வீடு. மேலே இருந்த நாலு படுக்கையறை வீட்டை உரிமையாளர் தடுப்புப் போட்டு எட்டு அறையாக்கி 16 மாணவர்களை வைத்திருக்கிறார். கராஜும் அறையாகிவிட்டது. தோட்டம் போய் முழுக்க பேவிங் (கல் தளம்). அவர்கள் வீட்டுக் கழிவுக்குழாய் எங்கள் முற்றத்தின் வழியாகத்தான் தெருவுக்கு இறங்குகிறது. மாதம் இரண்டு தடவையாவது மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்குகிறது. மழை பெய்தால் சேற்றுத் தண்ணீர் மதில் ஏறி வருகிறது. வெள்ளி இரவு பாட்டுச் சத்தம். உரிமையாளர் ஊரில் இல்லை, ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. மாநகராட்சியா, போலீஸா, பல்கலைக்கழகமா, யாரிடம் போவது?

ராடிங்_ராஜா:
அண்ணே, யாரிடம் போவது என்பதைக் குழாயே சொல்லும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

16 பேர் என்பதால் குழாய் தாங்கவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. வீட்டுக் கழிவுக்குழாய் 110 மில்லிமீட்டர். 60 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் இருந்தாலே 16 பேரின் கழிவைச் சாதாரணமாக இழுத்துவிடும். நம்ம ஊர்ச் சரிவில் இறக்கத்துக்கா பஞ்சம்? பொங்குவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது மழைத்தண்ணீரை அதில் கலந்துவிட்டிருக்கிறார்கள்.

எந்த நேரத்தில் பொங்குகிறது என்று பத்து நாள் காலண்டரில் குறித்து வையுங்கள். மழை பெய்த அரை மணிக்குள் பொங்கினால் கூரைத்தண்ணீர். இங்கே கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதை. கராஜை அறையாக்கும்போது கூரைக்குழாயைப் பக்கத்தில் இருந்த கல்லியில் (கழிவுநீர் இறங்கும் தரைவாயில்) சொருகிவிட்டுப் போவது வழக்கமான சோம்பேறித்தனம். சோதிக்க ஒரு ஸ்பூன் சிவப்புக் கேசரிப் பொடி போதும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே பையன்கள் யாரிடமாவது சொல்லி அந்தக் கூரைக்குழாயில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் கீழே மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பாக இறங்கினால் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லாத நாளில் சாயங்காலம் பொங்கினால் அடைப்பு. உங்கள் வீட்டுக் கழிப்பறையை ஃப்ளஷ் செய்து பாருங்கள். குடுகுடுவென்று சத்தம் வந்து தண்ணீர் மெதுவாக இறங்கினால், இரண்டு வீட்டுக் குழாயும் சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு. அது மாநகராட்சிப் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். புகார் கொடுத்துக் குறிப்பு எண் வாங்குங்கள். உங்கள் கழிப்பறை ஒழுங்காக இறங்கி, மேல்வீட்டு லைன் மட்டும் நிறைந்து நின்றால் அது அவர்கள் தனிக்குழாய். செலவு உரிமையாளருடையது.

கழி விட்டுத் தள்ளுபவர்களுக்கு ஒன்று: கழியை எப்போதும் வலப்பக்கமாகவே திருகுங்கள், வெளியே இழுக்கும்போதும் வலப்பக்கமே. இடப்பக்கம் திருகினால் மரை கழன்று, தலையோடு பாதிக் கழி உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் தோண்டத்தான் வேண்டும். தெருவில் இருக்கிற இரும்பு மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே வாயு இருக்கும், அது மாநகராட்சி ஆட்கள் வேலை.

கீழ்வீட்டுக்காரர்:
நன்றி தம்பி. காலண்டர் வரைக்கும் போகத் தேவையில்லை. பொங்குவது பெரும்பாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், வெயில் நாளிலும்தான். எங்கள் கழிப்பறையில் பிரச்சினை இல்லை.

ராடிங்_ராஜா:
அப்படியானால் கொழுப்பும் ஈரத்துடைப்பானும் (வெட் வைப்ஸ்). எட்டு அறைக்காரர்களும் ஒரே சிங்க்கில் சட்டி கழுவுகிறார்கள். பாப் (சோளமாவுக் களி) ஒட்டின சட்டி, மட்டன் குழம்புச் சட்டி, எல்லாம். சுடுதண்ணீரில் உருகிப் போகிற கொழுப்பு பத்து மீட்டர் தாண்டியதும் குளிர்ந்து குழாயின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதில் துடைப்பான் சிக்கினால் முடிந்தது. பாக்கெட்டில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று போட்டிருந்தாலும் அது காகிதம் மாதிரிக் கரையாது. ஒரு தடவை ஜெட் அடித்து, அதாவது அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி, முழுக்க உரித்தெடுக்க வேண்டும். கழி விட்டால் ஓட்டை மட்டும் விழும், மறுமாதம் மூடிக்கொள்ளும். பிறகு சிங்க்கின் அடியில் கொழுப்புத் தொட்டி வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழித்தெடுப்பது, எல்லாக் கழிப்பறையிலும் மூடி போட்ட குப்பைக்கூடை வைப்பது. இந்த இரண்டும் இல்லாமல் ஜெட் மட்டும் அடித்தால் பணம் தண்டம்.

மழைத்தண்ணீர் வேறு விஷயம். பேவிங் போட்ட 200 சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கை நிலம் குடித்தது. இப்போது மொத்தமும் உங்கள் மதிலுக்கு. 2022 ஏப்ரலில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தக் கணக்குக்கு 60,000 லிட்டர். மதிலில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கிறதா, வேர் அடைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். துளையில்லாத மதில் பின்னால் தண்ணீர் தேங்கினால் வயிறு தள்ளும், பிறகு சாயும். மேல்வீட்டு பேவிங்கின் கீழ் ஓரத்தில் குறுக்கு வாய்க்கால் வெட்டித் தெருப்பக்கம் திருப்புவதுதான் தீர்வு.

60_ஆம்ப்:
நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் முதல் கவலை. நம்ம பக்கம் பழைய வீடுகளுக்கு ஒற்றை ஃபேஸ், 60 ஆம்பியர் என்பது சாதாரணம். அதாவது 13.8 கிலோவாட். கணக்குப் போடுங்கள். இரண்டு கீசர், ஒவ்வொன்றும் 3 கிலோவாட். அறைக்கு ஒரு ‘டூ பிளேட்’ அடுப்பு 2 கிலோவாட். ஏழு மணிக்கு ஐந்து பேர் சமைத்தாலே 16 கிலோவாட் ஆகிவிட்டது, கெட்டில் இன்னும் வரவில்லை. மெயின் சுவிட்ச் விழும். விழுந்தால் நல்லது, அது தன் வேலையைச் செய்கிறது.

ஆபத்து எங்கே என்றால், அடிக்கடி விழுகிறது என்று யாராவது 20 ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 32 போடுவது. பிளக் லைன் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர்தான். பிரேக்கர் பெரிசானால் கம்பி பெரிசாகாது. சுவருக்குள்ளே, அதுவும் ஜிப்சம் தடுப்புக்குள்ளே, சூடேறிக்கொண்டிருக்கும். பழுப்பேறிய பிளக், மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை, இரண்டும் எச்சரிக்கை. புதிதாக அறை பிரித்து லைன் இழுத்தால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் இணக்கச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஏஜெண்டிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். கேட்டதும் அவர் குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

கூடவே ஜன்னல். பர்க்லர் கார்ட் (திருட்டுத் தடுப்புக் கம்பி) போட்ட அறைக்கு ஒரே கதவு என்றால், நெருப்புப் பிடித்தால் வழியில்லை. ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

சட்டமும்_சாம்பாரும்:
ஐயா, மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். ஒரே கடிதம் மூன்று மேசைக்கு நடுவில் தொலையும்.

வீட்டைப் பிரித்து விடுதியாக நடத்துவது நிலப்பயன்பாட்டு விஷயம். குடும்ப வீட்டுக்கென ஒதுக்கிய மனையில் விடுதி நடத்த மாநகராட்சி அனுமதி வேண்டும். தேசிய அளவில் 2013-ஆம் ஆண்டின் இடத்திட்டமிடல், நிலப்பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. மனை எண்ணைக் கொடுத்து, இந்த மனைக்கு அனுமதி இருக்கிறதா, கட்டிட வரைபடம் ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று இரண்டே கேள்வி எழுத்தில் கேளுங்கள். குற்றச்சாட்டு எழுதினால் பதில் வர நாளாகும்.

உரிமையாளர் என்எஸ்ஃபாஸ் (அரசு மாணவர் உதவித்தொகைத் திட்டம்) மாணவர்களை வைத்துப் பணம் வாங்குகிறார் என்றால் உங்கள் கை ஓங்கும். அந்த வீடு அங்கீகார ஆய்வு தாண்டியாக வேண்டும். பல்கலைக்கழக மாணவர் விடுதிகளுக்கு அரசு 2015-இல் வெளியிட்ட குறைந்தபட்ச அளவுகோலில் ஐந்து பேருக்கு ஒரு கழிப்பறை, ஏழு பேருக்கு ஒரு ஷவர். 16 பேருக்கு நாலு கழிப்பறை, மூன்று ஷவர் வரும். பழைய நாலு படுக்கையறை வீட்டில் அத்தனை இருந்திருக்காது. பல்கலைக்கழகத்தின் வெளிவிடுதிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் ‘பிள்ளைகளை வெளியே அனுப்பு’ என்று உரிமையாளரை நெருக்காதீர்கள். அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ கரண்ட்டையோ வெட்டி விரட்டுவதும் கூடாது. நடுவருடம் பரீட்சைச் சமயத்தில் தெருவில் நிற்பது அந்தப் பிள்ளைகள்தான், உரிமையாளர் அல்ல.

கேட்_பக்கத்து_மாணவி:
அங்கிள், சத்தத்துக்கு மட்டும் சொல்கிறேன். போலீஸைக் கூப்பிட்டால் அன்று இரவு அடங்கும், அடுத்த வெள்ளி மறுபடி வரும். விடுதியில் யாராவது ஒருவர் ஹவுஸ் ரெப் (விடுதி மாணவர் பிரதிநிதி) இருப்பார், அவர் எண் ஒன்று போதும். முதல் தடவை பகலில், சமையலறைப் பக்கம் போய் ஜூலுவில் ‘சனிபோனானி’ என்று வணக்கம் சொல்லிப் பேசுங்கள். ராத்திரி மதிலுக்கு மேலிருந்து கத்தினால் யார் கத்துகிறார்கள் என்றே தெரியாது.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். ‘சத்தம் போடாதே’ என்றால் யாருக்கும் அளவு தெரியாது. ஸ்பீக்கர் வராந்தாவில் வேண்டாம், தரையில் வேண்டாம், பத்து மணிக்கு மேல் பேஸைக் குறைக்கலாம் என்றால் செய்வார்கள். சரிவில் வராந்தா ஸ்பீக்கர் நேராகக் கீழ்வீட்டுப் படுக்கையறையைத்தான் பார்க்கும். மேட்டுப்பக்கம் திருப்பினாலே பாதி குறையும்.

படிப்பு வருடம் தொடங்குகிற பிப்ரவரியில் கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் எல்லாரும் குடியிருப்பவர்கள் இல்லை. உதவித்தொகை இன்னும் வராத, இடம் கிடைக்காத நண்பர்கள் தரையில் படுத்திருப்பார்கள். அந்த வாரங்களில்தான் குழாயும் மெயினும் அதிகம் அடிபடும். தைப்பூசக் காவடியும் ஏறக்குறைய அதே சமயம்தான் வரும், உங்கள் பக்கத்துக் கொட்டுச் சத்தத்தை இரண்டு நாள் முன்னாடி ரெப்பிடம் சொல்லிவிடுங்கள். ஆடிக் கூழுக்கு ஒரு வாளி மேலே அனுப்பினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், எங்கள் வீட்டுப் புளித்த கஞ்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குப்பைக்கூடை, கொழுப்புத் தொட்டி பற்றி ராடிங் அண்ணன் சொன்னதை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதித் தாருங்கள் என்று அதே ரெப்பிடம் கேளுங்கள். சிங்க்குக்கு மேலே ஒட்டுங்கள், வாசல் கதவில் அல்ல.

கீழ்வீட்டுக்காரர்:
நாளை ஜெட்டுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு ஏஜெண்டுக்கு எழுத்தில் அனுப்புகிறேன். மாநகராட்சிக்கு அந்த இரண்டு கேள்வி தனியாக. மதில் துளையைப் பார்த்தேன்: ஆறில் நாலு அடைத்திருக்கிறது.

ராடிங்_ராஜா:
12 மில்லிமீட்டர் கம்பியால் குத்தித் திறங்கள், உள்ளிருந்து மண் ஓடி வந்தால் நிறுத்திவிட்டுப் படம் போடுங்கள். பின்னால் ஜல்லி இல்லை என்று அர்த்தம்.