வீட்டுப் பட்டறைக்கு ஸ்பிண்டில் சாண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஆடுகுதிரை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறக் கொட்டகையைப் பட்டறையாக்கி, மூன்று ஆண்டுகளாக நடைவண்டிகளும் ஆடுகுதிரைகளும் செய்து உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் வேம்பு, கிடைத்தால் தேக்குத் துண்டுகள். ஜிக்சாவில் அறுத்த பின் வெளிவளைவுகளை டிஸ்க் சாண்டரில் சரிசெய்துவிடுவேன். உள்வளைவுகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. குதிரையின் வயிற்றுக்கும் கால்களுக்கும் நடுவே வரும் வளைவையும் கைப்பிடித் துளையையும், பிவிசி குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றித்தான் தேய்க்கிறேன். ஒரு குதிரைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. அப்படித் தேய்த்தும் விளிம்பு மழுங்கிப் பக்கவாட்டு முகம் செங்குத்தாக அமைவதில்லை.

என் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. என்னிடமுள்ள பெஞ்ச் டிரில்லில், உப்புத்தாள் மாட்டிய ரப்பர் உருளையான டிரம்மைப் பொருத்துவது ஒன்று. மேசையில் செங்குத்தாக நிற்கும் தண்டில் அதே போன்ற டிரம் சுழலும் தனி ஸ்பிண்டில் சாண்டர் வாங்குவது மற்றொன்று. அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனரிடம் சொல்லி ரிட்ஜிட் நிறுவனத்தின் பெல்ட்டும் ஸ்பிண்டிலும் சேர்ந்த இயந்திரத்தை வரவழைப்பது மூன்றாவது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி: பூவரசு (தஞ்சாவூர்)

ஐயா, முதல் வழியில் நான் ஓராண்டு வேலை பார்த்திருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெஞ்ச் டிரில் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதன் பேரிங்குகள் நெடுநேரப் பக்கவாட்டு அழுத்தத்திற்கு ஏற்றவை அல்ல. துளையிடும் அலகைப் பிடிக்கும் அதன் சக், கூம்பு வடிவத் தண்டில் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. மாமரப் பலகை ஒன்றின் உள்வளைவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டு அழுத்தமும் அதிர்வும் சேர்ந்து சக்கைத் தளர்த்தி, டிரம்மோடு அது கழன்று மேசைமேல் சுழன்றபடி விழுந்தது. விரல் அருகில் இல்லாதது என் நல்லகாலம்.

அதோடு, டிரம் ஒரே உயரத்தில் சுற்றுவதால் மரத்தில் கிடைக்கோடுகள் விழுகின்றன. பலகை படும் பட்டையளவு மட்டும் தேய்ந்து கருகி, மீதி உப்புத்தாள் புத்தம்புதிதாகவே இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் செய்யலாம், தொடர்ந்து குதிரை செய்பவருக்கு இது ஆகாது.

மறுமொழி: இழைப்புளி (திருச்சி)

பூவரசு சொன்ன இரண்டாவது குறையைத் தீர்க்கத்தான் ஸ்பிண்டில் சாண்டரில் சுழற்சியோடு மேலும் கீழுமான அசைவையும் சேர்த்திருக்கிறார்கள். ட்ரைட்டன் நிறுவனத்தின் 450 வாட் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், தண்டு நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்வதோடு 58 முறை ஏறி இறங்குகிறது. இதனால் உப்புத்தாளின் மணிகள் ஒரே தடத்தில் கீறுவதில்லை, சூடும் ஓரிடத்தில் தங்குவதில்லை.

வாங்கும்போது பலரும் மோட்டாரின் வாட்டைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது டிரம்களின் அளவுகளை. மேற்சொன்ன இயந்திரத்தில் 13 மி.மீ. முதல் 76 மி.மீ. வரை ஆறு விட்டங்கள் உண்டு. உங்கள் அச்சு அட்டைகளை எடுத்து, இருப்பதிலேயே இறுக்கமான உள்வளைவு எது என்று அளந்து பாருங்கள். அதற்குள் நுழையும் டிரம் கட்டாயம் வேண்டும். வேலை செய்யும்போதோ, வளைவுக்குள் அடங்கும் டிரம்களில் மிகப் பெரியதையே மாட்ட வேண்டும். அகன்ற வளைவில் ஒல்லியான டிரம்மை ஓட்டினால் அது குழிகுழியாகத் தோண்டிவிடும், பிறகு அந்த அலைகளைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சுழற்சி ஒன்றே ஆனாலும் தேய்க்கும் வேகம் ஒன்றல்ல. 2,000 சுழற்சியில் 76 மி.மீ. டிரம்மின் மேற்பரப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 477 மீட்டர் ஓடுகிறது; 13 மி.மீ. தண்டில் அது 82 மீட்டர்தான். ஆகவே பெரிய டிரம்மில் மரத்தை அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், இல்லையேல் கருகும். சின்னதில் பொறுமை காட்டுங்கள், அவசரப்பட்டு அழுத்தினால் மெல்லிய தண்டு வளையும். எப்போதும் சுழற்சிக்கு எதிர்த்திசையில்தான் மரத்தை நகர்த்த வேண்டும்.

மைத்துனர் வழியாக வரும் இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்குரியது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் இண்டக்ஷன் மோட்டாராக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடேறும். அதன் அளவுக்குரிய ஸ்லீவ்களும் (டிரம்மில் மாட்டும் உப்புத்தாள் உறைகள்) பெல்ட்களும் தீர்ந்துபோகும் ஒவ்வொரு முறையும் மைத்துனரின் வருகைக்குக் காத்திருக்க முடியுமா? எந்த இயந்திரமானாலும், அதன் ஸ்லீவ்கள் 80, 120, 240 என்ற மணி எண்களில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

மறுமொழி: வேம்புக்கட்டை (மதுரை)

தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. குழந்தைகளுக்காகச் செய்கிறீர்கள், அவர்கள் வேடிக்கை பார்க்கக் கொட்டகைக்கு வராமல் இருக்கமாட்டார்கள். ஆகவே உறிஞ்சுவாய் உள்ள இயந்திரத்தையே வாங்கி, வாக்குவம் குழாயின் விட்டத்தோடு அந்த வாய் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். அதற்கு மேல் முகக்கவசமும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஆடுகுதிரை (கோவை)

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே அச்சு அட்டைகளை அளந்தேன். கைப்பிடித் துளையின் முனைகள் 28 மி.மீ. விட்டம், வயிற்று வளைவு 90 மி.மீ.; ஆக 26 மி.மீ., 76 மி.மீ. டிரம்கள் எனக்குப் போதும். தனி ஸ்பிண்டில் சாண்டரே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: தேக்கின் எண்ணெய்ப் பசையால் ஸ்லீவ் சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமே, என்ன செய்வது?

மறுமொழி: இழைப்புளி (திருச்சி)

உப்புத்தாளைச் சுத்தம் செய்யவென்றே ரப்பர் கட்டி விற்கிறார்கள். ஓடும் டிரம்மில் அதை இலேசாக வைத்தால் பசையும் தூளும் கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஜிக்சாவில் கோட்டை ஒட்டி 1 மி.மீ. மட்டும் விட்டு அறுத்தால் பாதி அடைப்பு வராமலே போகும். உங்கள் பலகை மெல்லியதென்றால் ஸ்லீவின் அடிப்பகுதி மட்டுமே தேயும். அது மழுங்கியதும் டிரம்மை இறுக்கும் நட்டைத் தளர்த்தி, ஸ்லீவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். நட்டை இறுக்கும்போது ரப்பர் உப்பி ஸ்லீவைப் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முறுக்கினால் ஸ்லீவ் நடுவில் புடைத்து, நீங்கள் விரும்பும் செங்குத்து முகம் கிடைக்காது.