நாடியில் வைத்த விரல்

தட்டிவான்:
எங்கள் ஒழுங்கையில் 44 வயது அண்ணை ஒருவர் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போதே விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய் வந்த இரவுதான் எனக்கும் அப்படி வந்துவிடுமோ என்ற பயம் தொடங்கியது. படுத்தால் காதுக்குள் இதயம் அடிக்கும். திடீரென்று ஒரு துடிப்புத் தவறும், அடுத்தது நெஞ்சுக்குள் மீன் துள்ளினதுபோல் பலமாக வரும். எழும்பி லைட்டைப் போட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவேன். 88. திருப்பி எண்ணினால் 96. பயந்தால் கூடும்தானே, அது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மரண அறிவித்தல் பார்ப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. ஆனால் நான் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்க்கத் தொடங்கினேன். என்னைவிட இளையவர் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு விரல் நுனியெல்லாம் விறைக்கிறது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது, நெஞ்சு இறுகுகிறது. யாரோ 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸ் வந்தது. ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வார்த்தை இரண்டு நாள்தான் வேலை செய்தது. அப்புறம் வேறு இடம், வேறு ஈசிஜி. மூன்று மாதத்தில் ஐந்து.

ஐந்தாவது இடத்தில் இருந்தவர் ஒரு இளம் டொக்டர் பிள்ளை. கடதாசியைப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஒரு நிமிசம் வேகமா மூச்சு இழுத்து விடுங்கோ" என்றார். முழு நிமிடம் ஆகமுதலே விரல் விறைத்தது, உதடு ஊர்ந்தது, தலை சுற்றியது. சந்தையில் வந்தது அப்படியே! பதகளிப்பில், அதாவது மனப் பதற்றத்தில், மூச்சு வேகமாகிறது, உடலில் இருக்கவேண்டிய காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியே போய்விடுகிறது, அதுதான் அந்த விறைப்பு என்று விளங்கப்படுத்தினார். துடிப்புத் தவறுவது நல்ல இதயத்திலும் நடக்குமாம், கவனித்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் தெரியுமாம்.

மருந்தைவிட எனக்கு உதவியது அவர் தந்த கட்டளை. நாடி பார்க்க மனம் வந்தால் நேரத்தைக் கொப்பியில் எழுதி, 15 நிமிடம் பொறுத்துப் பார். மனைவியிடம் "எனக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்பதும் நாளுக்கு ஒருதரம் மட்டும். இரண்டாம் தரம் கேட்டால் அவ, "இண்டைக்குச் சொல்லியாச்சப்பா" என்று தேங்காய் துருவப் போய்விடுவா. முதல் கிழமை அவவில் நல்ல கோபம் எனக்கு.

பனங்காய்ப் பணியாரம்:
எனக்குக் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி. கண்ணாடிக்கு முன்னால் நின்று நாளுக்கு முப்பது தரம் அமத்திப் பார்த்தேன். நோ வந்தது. "பார், நோகுது, புற்றுநோய்தான்" என்று அழுதேன். டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, எத்தினை தரம் அமத்துறனீங்கள்?" அமத்தாமல் விட இரண்டு கிழமையில் நோவும் போய்விட்டது. இணையத்தில் தேடுவதை விடத்தான் மாதக்கணக்கு எடுத்தது.

கிணத்தடி:
அம்மாவுக்கு 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு நெஞ்சுப் படபடப்பு. வாய்வு என்று சொல்லியே வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்து வருடங்கள் போயின. மனநலக் கிளினிக் என்றதும், "என்னை விசரி எண்டுறியோ?" என்று கேட்டா. கடைசியில் ஒருமாதிரிக் கூட்டிக்கொண்டு போனால், வரிசையில் முன்னுக்கு இருந்தது எங்கள் கோயிலடி மாமி. இரண்டு பேரும் முதலில் மற்றப் பக்கம் பார்த்தார்கள். இப்போது ஒரே ஓட்டோவில் போய் வருகிறார்கள்.

வாட்டு ஆறு:
நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அதனால் ஒரு குறுக்குக் கதை. எல்லாவற்றையும் பதகளிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நடந்தால் வந்து நின்றால் விடும் நெஞ்சு நோ, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை, மயக்கம் என்றால் கொப்பியும் வேண்டாம் 15 நிமிடமும் வேண்டாம், 1990தான். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் படபடக்கும், முதலில் அதை ஒருதரம் ஒழுங்காகப் பாருங்கள். ஒருதரம், ஐந்து தரமில்லை தட்டிவான் அண்ணை! இரவில் யாரோடாவது கதைக்கவேண்டும்போல் இருந்தால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926 இருக்கிறது.

பனங்காய்ப் பணியாரம்:
அண்ணை, இப்ப முழுதாக விட்டுவிட்டதோ?

தட்டிவான்:
இல்லைத் தங்கச்சி. நேற்று இரவும் ஒரு துடிப்புத் தவறியது, கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. கொப்பியில் 9.40 என்று எழுதி வைத்தேன். 9.55க்குப் பார்த்தேனா என்று காலையில் கொப்பியைத் திறந்தால், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நித்திரையாகிவிட்டேன் போல.